புதுப்பித்த கேமராவா, புதியதா, பழையதா? டர்பனில் வாங்குவோருக்கு ஓர் ஒப்பீடு

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: மகன் கல்யாணப் புகைப்படத் தொழிலில் இறங்குகிறான், கேனன் நிறுவனமே செப்பனிட்டு விற்கும் கேமரா அமெரிக்க இணையக் கடையில் மலிவாகத் தெரிகிறது, வரவழைக்கலாமா? கோயில் நிர்வாகக் குழுச் செயலாளர் ஒருவர் கேட்கிறார்: காவடிக்கும் தீமிதிக்கும் படம் எடுக்க ஒரு கேமரா வேண்டும், கடைக்காரர் 'ரீஃபர்பிஷ்ட்' (புதுப்பித்தது) என்று ஒன்றை எடுத்துக் காட்டுகிறார், கோயில் பணத்தை நம்பி அதில் போடலாமா? பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்குப் பறவைகளைப் படமெடுக்க ஆசை. பழைய கேமரா போதுமா என்பது அவர் கேள்வி.

மூவருக்கும் ஒரே பதில் பொருந்தாது. ஆனால் மூவரும் தடுமாறும் இடம் ஒன்றுதான். விலைகளை மட்டும் வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது வேறு: நாளை இந்தக் கேமரா வேலை செய்யாமல் நின்றுவிட்டால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது, அந்தக் கதவு தென்னாப்பிரிக்காவுக்குள் இருக்கிறதா? கேமராவின் பழங்கதையைவிட இதற்கான பதில்தான் பணத்தைக் காப்பாற்றும்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோலைச் சொல்லிவிட்டேன்: பொறுப்பேற்கும் ஆள். இரண்டாவது, கேமராவுக்கு உள்ளே உண்மையில் என்ன வேலை நடந்திருக்கிறது என்பது. துடைத்துப் பெட்டியில் போட்டதும் புதுப்பித்தல் என்றுதான் விற்கப்படுகிறது. படத்தைப் பதிவுசெய்யும் சென்சாரை மாற்றி, அளவுகளைத் திரும்பப் பதிந்ததும் அதே பெயரில்தான் விற்கப்படுகிறது. மூன்றாவது, கைக்கு வந்து சேரும்போது ஆகும் மொத்தச் செலவு. வரி, கூரியர்காரரின் சுங்கக் கட்டணம், சார்ஜர், காப்பீடு எல்லாம் சேர்த்துத்தான் கணக்கு.

நான்காவது, மிச்சமிருக்கும் ஆயுள். கேமராவின் உறுப்புகளில் நிச்சயமாகத் தேய்வது ஷட்டர், அதாவது ஒவ்வொரு படத்துக்கும் ஒளியை விட்டு மூடும் திரை. கேனன் 5டி மார்க் 4 கேமராவின் ஷட்டர் 1,50,000 முறை இயங்கும் என்று சோதிக்கப்பட்டது. நிகான் டி850-க்கு 2,00,000. கேனன் ஆர்6-க்கு 3,00,000. இவை சோதனைக்கூட அளவுகள். அந்த எண்ணைத் தாண்டி ஓடுவதும் உண்டு, அதற்கு முன்பே நின்றுபோவதும் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணத்தில், நலங்கு முதல் வரவேற்பு வரை 2,000 படங்கள் எடுப்பவருக்கு 1,50,000 என்பது 75 கல்யாணங்கள். பறவைக்காகக் காத்திருந்து வாரத்துக்கு நூறு படம் எடுப்பவருக்கு அது 28 ஆண்டுகளுக்கு மேல் வரும். ஆகவே ஷட்டர் எண்ணிக்கையைப் பார்த்துப் பதறுவதற்கு முன் நீங்கள் இந்த இருவரில் யார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

## உற்பத்தியாளரே புதுப்பித்து விற்பது

இந்தக் கேமராக்கள் எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். வாங்கியவர் சில நாளிலேயே மனம் மாறித் திருப்பிக் கொடுத்தவை ஒரு பங்கு. வழியில் பெட்டி நசுங்கியதால் கடைக்காரர் ஏற்காதவை, கண்காட்சியிலும் கடை மேசையிலும் தொட்டுப் பார்க்க வைத்தவை, பத்திரிகையாளருக்கு இரவல் போய்த் திரும்பியவை ஒரு பங்கு. மீதி, உத்தரவாதக் காலத்திலேயே பழுதானவை: வாடிக்கையாளருக்கு வேறொன்றைக் கொடுத்துவிட்டு, பழுதானதை நிறுவனம் எடுத்துச் சரிசெய்து விற்கிறது. ஒருமுறை திறந்து பயன்படுத்திய கேமராவைத் திரும்பவும் புதியது என்று விற்க முடியாது. பல ஆண்டுகள் ஒருவர் கழுத்தில் தொங்கிய கேமரா இந்த வரிசையில் வருவது அரிது.

பட்டறைக்கு வந்ததும் வரிசை எண் பதிவாகிறது. அந்த வகைக் கேமராவுக்கு ஏதாவது சேவை அறிவிப்பு நிலுவையில் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். முந்தைய உரிமையாளரின் அமைப்புகளை அழித்து, அண்மைய மென்பொருளை ஏற்றுகிறார்கள். பிறகு கேமராவைக் கணினியோடு இணைத்து, நிறுவனத்தின் சொந்தச் சோதனை மென்பொருளால் ஒவ்வொரு பகுதியையும் இயக்கிப் பார்க்கிறார்கள்: ஷட்டர் வேகம், ஒளியளவு, ஃபோகஸ், பொத்தான்கள், கார்டு துளைகள், திரை.

இங்கேதான் உற்பத்தியாளரின் பட்டறைக்கும் தெருமுனைக் கடைக்கும் உள்ள தூரம் தெரிகிறது. ஒரே மாடலில் இரண்டு கேமராக்கள் உள்ளுக்குள் ஒன்றுபோல இருப்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் திருத்த அளவுகள் தொழிற்சாலையில் அளக்கப்பட்டு, அதன் நினைவகத்தில் எழுதப்பட்டிருக்கும். சென்சாரில் செத்துப்போன புள்ளிகளின் பட்டியலும் அதில் உண்டு. அந்தப் புள்ளிகளின் இடத்தைப் பக்கத்துப் புள்ளிகளை வைத்துக் கேமரா நிரப்பிக்கொள்கிறது. ஷட்டரையோ சென்சாரையோ மாற்றினால் இந்த அளவுகளைப் புதிதாக அளந்து எழுத வேண்டும். லென்ஸ் பொருந்தும் வளையத்துக்கும் சென்சாருக்கும் இடைப்பட்ட தூரம் கேனன் ஆர்எஃப் வகையில் 20 மில்லிமீட்டர், நிகான் இசட் வகையில் 16 மில்லிமீட்டர். அது மயிரிழை விலகினாலும், ஒரு பக்கம் சாய்ந்தாலும், மணமக்களில் ஒருவர் தெளிவாகவும் மற்றவர் மங்கலாகவும் விழுவார். அதைச் சரியாக வைக்க மெல்லிய தகடுகளும் அளவுக்கருவிகளும் வேண்டும். திருப்புளி மட்டும் இருந்தால் போதாது.

இந்தக் கருவிகளும் மென்பொருளும் உதிரி பாகங்களும் வெளியாருக்கு எளிதில் கிடைப்பதில்லை. நிகான் 2012-இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெறாத கடைகளுக்குப் பாகங்கள் விற்பதை நிறுத்தியது. அங்கீகாரம் பெற்ற வெளிப் பழுதுக்கடைகளுடனான ஒப்பந்தத்தையும் 2020 மார்ச்சோடு முடித்துக்கொண்டது. பழுதுபார்ப்பது வாடிக்கையாளரின் உரிமை என்று வாதாடும் அமைப்புகள் இதைக் கண்டித்தன. எனக்கும் அது பிடிக்கவில்லை. ஆனால் வாங்குபவர் இருக்கிற நிலைமையை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். உள்ளே கைவைக்க வேண்டிய வேலை என்றால், உற்பத்தியாளரின் பட்டறையில் நடந்ததையே நம்பலாம்.

எல்லாம் முடிந்த பிறகு தளர்ந்த ரப்பர் பிடியை மாற்றி, வெளிப்புறத்தைச் சுத்தம் செய்து, பேட்டரி, சார்ஜர், பட்டை வைத்து, பெரும்பாலும் படமில்லாத வெற்றுப் பெட்டியில் அடைக்கிறார்கள். வெளியில் சிறு கீறல் இருக்கலாம் என்று சொல்லியே விற்கிறார்கள். விலை, புதியதைவிடப் பொதுவாகப் பத்து முதல் முப்பது விழுக்காடு வரை குறைந்திருக்கும். அமெரிக்காவில் கேனன் இவற்றுக்கு ஓராண்டு உத்தரவாதம் தருகிறது. 90 நாளோடு நிறுத்திக்கொண்ட நிறுவனங்களும் உண்டு.

இனி, பெட்டிமேல் எழுதாத சங்கதிகள். ஷட்டர் அளவுக்குள் இயங்குகிறது என்றால் அதை மாற்ற மாட்டார்கள். எத்தனை முறை இயங்கியது என்றும் பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள். இன்னொன்று, நிறுவனம் குறை என்று ஒப்புக்கொண்டதைத்தான் பட்டறை திருத்தும். 2012 செப்டம்பரில் வந்த நிகான் டி600 இதற்கு நல்ல பாடம். அதன் சென்சாரில், குறிப்பாகப் படத்தின் மேல் இடது மூலையில், புள்ளிபுள்ளியாக அழுக்கு விழுந்தது. துடைத்தாலும் திரும்ப வந்தது. 2013 அக்டோபரில் நிறுவனம் அதற்கு அடுத்த மாடலான டி610-ஐ வெளியிட்டது. 2014 பிப்ரவரியில்தான், உத்தரவாதம் முடிந்திருந்தாலும் டி600-ஐ இலவசமாகச் சோதித்து ஷட்டரை மாற்றித் தருவதாக அறிவித்தது. அதற்கு முன் புதுப்பித்து விற்கப்பட்ட டி600-களை வாங்கியவர்கள், வெறுமனே துடைத்த சென்சாரை வாங்கியிருக்கலாம். எனவே ஒரு மாடலுக்குப் பரவலான குறை ஒன்று பேசப்படுகிறது, நிறுவனம் இன்னும் வாய்திறக்கவில்லை என்றால், அந்த மாடலைப் புதுப்பித்த நிலையில் வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள்.

### அதை அமெரிக்காவிலிருந்து வரவழைத்தால்

சாட்ஸ்வொர்த் அம்மாவுக்கான பதில் இது. வரவழைக்க வேண்டாம்.

கேனனின் அமெரிக்கக் கடை அமெரிக்க முகவரிக்குத்தான் அனுப்புகிறது. இடையில் ஒரு சரக்கு அனுப்பும் நிறுவனத்தை அமர்த்த வேண்டும். டர்பனுக்கு வந்ததும் 15 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரி (வாட்). அதுவும் வெறும் விலைமீது போடப்படுவதில்லை: சுங்க மதிப்போடு பத்து விழுக்காட்டைக் கூட்டி, சுங்க வரி இருந்தால் அதையும் கூட்டி, அந்தத் தொகைமீது வாட் கணக்கிடப்படும். சுங்க வரியே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் 10,000 ராண்டு மதிப்புள்ள கேமராவுக்கு 1,650 ராண்டு ஆகும். கூரியர் நிறுவனத்தின் சேவைக் கட்டணம் தனி.

இதைவிடப் பெரிய முள், பலருக்குத் தெரியாதது: பயன்படுத்திய பொருட்களைத் தென்னாப்பிரிக்காவுக்குள் கொண்டுவர சர்வதேச வர்த்தக நிர்வாக ஆணையத்தின் இறக்குமதி அனுமதி வேண்டும். ரசீதிலேயே புதுப்பித்தது என்று எழுதியிருக்கும் கேமரா சுங்கத்தில் மாட்டிக்கொண்டால், அதற்கான அலைச்சலும் கிடங்கு வாடகையும் நீங்கள் மிச்சம்பிடித்ததை விழுங்கிவிடும்.

அங்கே தரும் உத்தரவாதம் அங்கேதான் செல்லும். பழுதானால் உங்கள் செலவில் திருப்பி அனுப்பி, திரும்பி வரும்போது சுங்கத்தை மறுபடியும் சந்திக்க வேண்டும்.

"அண்ணன் சிகாகோவிலிருந்து வருகிறார், கையில் கொண்டுவருவார்" என்பவர்களுக்குக் கதை சற்று மாறும். பயணி ஒருவர் 5,000 ராண்டு மதிப்பு வரை வரியின்றியும், அதற்கு மேல் 20,000 ராண்டு வரையிலான பொருளுக்கு ஒரே சீராக 20 விழுக்காடு கட்டியும் கொண்டுவரலாம். சுங்கத்தில் சொல்லிவிட்டுக் கொண்டுவருவதே நல்லது. காப்பீட்டுக்கு அந்தச் சீட்டு பின்னால் உதவும். சார்ஜரைப் பற்றிக் கவலை வேண்டாம்: கேமரா சார்ஜர்கள் பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும், நம் மூன்று உருளை முள் பிளக்குக்கு மாற்றி ஒன்று போதும். உத்தரவாதம் மட்டும் சிகாகோவிலேயே தங்கிவிடும்.

இதே புதுப்பித்த கேமராவை உள்ளூர் விநியோகஸ்தர் தன் பெயரில், தன் உத்தரவாதத்தோடு விற்றால் நான் தயங்க மாட்டேன். கடைகள் 'டெமோ' என்று விற்கும் காட்சிக் கேமராக்களும் இதற்கு நெருங்கிய உறவுதான். சரக்கு எப்போது வரும், எந்த மாடல் வரும் என்பதற்கு உறுதி இல்லாததால், அடுத்த வாரக் கல்யாணத்துக்காக இதை நம்பி உட்கார முடியாது.

## கடைக்காரர் 'புதுப்பித்தது' என்று விற்பது

கோயில் செயலாளருக்குக் காட்டப்பட்டது இந்த வகை. 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 25-ஆம் பிரிவில், ஒரு நிறுவனத்தின் வணிகச் சின்னம் தாங்கிய பொருளைச் செப்பனிட்டு விற்றால், அது செப்பனிட்டது என்று எடுப்பாகத் தெரியும் அறிவிப்பைப் பொருளில் ஒட்ட வேண்டும் என்கிறது. அந்த ஒட்டுச்சீட்டைக் கேளுங்கள். அதற்குப் பிறகு இன்னும் இரண்டு கேள்விகள்: யார் செப்பனிட்டது, எதை மாற்றினார்கள்? பதில் எழுத்தில் வர வேண்டும்.

பெரும்பாலான கடைகளில் நடப்பது சுத்தம் செய்தல், சென்சார் துடைத்தல், எல்லாப் பொத்தானையும் அழுத்திப் பார்த்தல். அதில் தவறில்லை, அப்படிச் சொல்லி விற்கும் கடை நேர்மையான கடை. கவலை, மூடியைக் கழற்றியவர்களைப் பற்றித்தான். மழையும் தூசியும் புகாமல் இருக்கக் கேமராவின் மூட்டுகளில் மெல்லிய ரப்பர் பட்டைகள் உண்டு. ஒருமுறை கழற்றி அவற்றைச் சரியாக உட்கார வைக்காவிட்டால், வெளியே எந்த அடையாளமும் தெரியாது. மவுண்ட் எட்ஜ்கம் மாரியம்மன் கோயிலில் புனித வெள்ளியன்று கூட்டத்துக்குள் நின்று படமெடுத்தவர்களுக்குத் தெரியும்: மஞ்சள் தண்ணீர், திருநீறு, கற்பூரப் புகை, தீக்குழியிலிருந்து பறக்கும் சாம்பல். அங்கே கொண்டுபோகும் கேமராவை யார் திறந்து மூடினார் என்பது முக்கியம்.

இந்த வழியின் பலம் சட்டத்தில் இருக்கிறது. அதே சட்டத்தின் 56-ஆம் பிரிவுப்படி, பொருள் தரமாக இல்லையென்றால் கையில் பெற்ற ஆறு மாதத்துக்குள் விற்றவரிடமே திருப்பிக் கொடுக்கலாம். சரிசெய்வதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்புவதா என்று தேர்ந்தெடுப்பது நீங்கள். சரிசெய்த பிறகு மூன்று மாதத்துக்குள் அதே கோளாறு வந்தால் மாற்றவோ பணம் தரவோ வேண்டும். கடைச் சுவரில் 'ஃபூட்ஸ்டூட்ஸ்' (இருக்கிற நிலையிலேயே விற்பனை) என்று எழுதி மாட்டிவிட்டால் இந்த உரிமை கரைந்துபோகாது. ஆனால் ஒரு நுணுக்கம்: குறிப்பிட்ட குறையை வெளிப்படையாகச் சொல்லி, நீங்களும் ஒப்புக்கொண்டு வாங்கினால், அந்தக் குறையைக் காட்டிப் பின்னால் திருப்ப முடியாது. கடைக்காரர் ரசீதில் 'திரையில் கீறல்' என்று எழுதினால் சரி. 'எல்லாக் குறைகளுடனும்' என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள். தகராறு முற்றினால் நுகர்வோர் பொருட்கள் மற்றும் சேவைகள் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம்.

## புதியது, உள்ளூர் உத்தரவாதத்தோடு

இதைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. விலை கூடுதல், தலைவலி குறைவு. மறைந்த செலவு ஒன்றே ஒன்று: பெட்டியைத் திறந்த நாளிலேயே மறுவிற்பனை மதிப்பு சரியும். தொழிலுக்கு வாங்குபவர் கடைசியாக வந்த மாடலைப் புதிதாக வாங்குவதைவிட, அதற்கு முந்தைய மாடலைப் புதிதாக வாங்கி, மிச்சத்தை லென்ஸில் போடலாம். கல்யாண மண்டபத்தின் மங்கலான விளக்கில் படத்தைக் காப்பாற்றுவது பெரும்பாலும் லென்ஸ்தான்.

## கிரே இறக்குமதி

உற்பத்தியாளரின் சம்மதம் இல்லாமல் வேறு நாட்டுச் சந்தையிலிருந்து கொண்டுவரப்பட்ட புதிய கேமராக்கள் நம் இணையக் கடைகளில் நிறைய. பொருள் அசல்தான், பாதை மட்டும் வேறு. இதற்கும் 25-ஆம் பிரிவு எடுப்பான அறிவிப்பைக் கட்டாயமாக்குகிறது. பல கடைகள் அதைப் பக்கத்தின் அடியில், கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகின்றன.

உள்நாட்டுக் கடையில் வாங்கினால் ஆறு மாதச் சட்ட உரிமை இங்கேயும் உண்டு. அதற்குப் பிறகு நிறுவனத்தின் உள்ளூர்க் கிளை இதைத் தன் பொருளாக ஏற்காமல் போகலாம். கடையே ஓராண்டு, ஈராண்டு உத்தரவாதம் தருகிறது என்றால், அந்தக் கடை அத்தனை நாள் இருக்குமா என்பதுதான் உத்தரவாதத்தின் மதிப்பு. ஜப்பானிய உள்நாட்டுச் சந்தைக்காகச் செய்த சோனி கேமராக்களில் மெனு பெரும்பாலும் ஜப்பானிய மொழியில் மட்டுமே இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். உற்பத்தியாளர் புதுப்பித்த, உள்ளூர் உத்தரவாதச் சீட்டு உள்ள கேமராவும் கிரே புதியதும் ஒரே விலையில் இருந்தால் முன்னதை எடுப்பேன். 'புதியது' என்ற பளபளப்புக்காகப் பொறுப்பாளியை இழப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

## தனியாரிடம் நேரடியாக

விலை மிகக் குறைவு இங்கேதான். ஆபத்தும் இங்கேதான். ஒரு தனிநபர் தன் பழைய கேமராவை விற்பதற்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருந்தாது. இங்கே ஃபூட்ஸ்டூட்ஸ் செல்லும். மறைந்திருந்த குறையைத் தெரிந்தே மறைத்தார் என்று நீங்கள் நிரூபித்தால்தான் வழி. திருட்டுப் பொருளாக இருந்தால் பணமும் போகும், கேமராவும் போகும். பழைய பொருள் வியாபாரிகள் காவல்துறையில் பதிவுசெய்து, விற்றவரின் அடையாளத்தைக் குறித்துவைக்க வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டின் பழைய பொருட்கள் சட்டம் சொல்கிறது. தெருவில் சந்திக்கும் தனிநபரிடம் அந்தக் காப்பும் இல்லை. முதல் ரசீது காட்டாதவரிடம் வாங்காதீர்கள். ஆள்நடமாட்டமுள்ள இடத்தில், பகலில் சந்தியுங்கள்.

லென்ஸ் சேர்ந்து வந்தால் டர்பனுக்கே உரிய சோதனை ஒன்று இருக்கிறது. கடற்காற்றின் ஈரத்தில், அலமாரியில் பூட்டிவைத்த லென்ஸுக்குள் பூஞ்சை படரும். கைப்பேசி விளக்கை ஒரு பக்கத்திலிருந்து லென்ஸுக்குள் சாய்வாக அடித்து, மறுபக்கத்திலிருந்து பாருங்கள். சிலந்தி வலைபோல் மெல்லிய இழைகள் தெரிந்தால் விலை பேசவே வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| வழி | பழுதானால் பொறுப்பு | கண்ணுக்குத் தெரியாத செலவு | பொருந்துவது |
|---|---|---|---|
| புதியது, உள்ளூர்ச் சீட்டுடன் | நிறுவனமும் கடையும் | உடனடி மதிப்புச் சரிவு | கேமராவே வருமானம் என்பவர்களுக்கு |
| உற்பத்தியாளர் புதுப்பித்தது, உள்ளூரில் | விநியோகஸ்தரும் கடையும் | விரும்பிய மாடலுக்குக் காத்திருப்பு | பொறுத்திருக்கக்கூடியவர்களுக்கு, கோயில், சங்கம், பள்ளிகளுக்கு |
| உற்பத்தியாளர் புதுப்பித்தது, வெளிநாட்டிலிருந்து | வெளிநாட்டு நிறுவனம் மட்டும் | வாட், அனுமதி, திருப்பி அனுப்பும் செலவு | அடிக்கடி அந்நாட்டுக்குப் போய்வருபவர்களுக்கு |
| கடை சோதித்து விற்கும் பழையது | கடை, ஆறு மாதம் | அதன்பின் வரும் பழுதெல்லாம் | பொழுதுபோக்காளர், மாணவர் |
| கிரே புதியது | கடை மட்டும் | உள்ளூர்க் கிளை ஏற்காமை | இரண்டாவது கேமராவாக |
| தனியாரிடம் | யாருமில்லை | திருட்டுப் பொருள், மறைந்த பழுது | விற்பவரை நன்கு அறிந்தவர்களுக்கு |

## யாருக்கு எதைச் சொல்வேன்

கல்யாணத் தொழிலுக்கு: இரண்டு கார்டு துளைகள் உள்ள, ஒரு தலைமுறை பழைய மாடல்; புதியது அல்லது உள்ளூர் டெமோ. ஒரு கார்டு கெட்டாலும் தாலி கட்டும் படம் மற்றதில் இருக்கும்; அந்த நிமிடத்தைத் திரும்ப நடத்திக் காட்டச் சொல்ல முடியாது. பிழைப்புக்குப் பயன்படும் கேமரா பழுதானால், பழுதுச் செலவோடு நாட்களின் இழப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும். டர்பனிலிருந்து கேமரா பெரும்பாலும் ஜோகன்னஸ்பர்க் பக்கம் போய்த்தான் திரும்பும். அதற்கிடையில் இரண்டு ஞாயிறு போய்விட்டால் மிச்சம்பிடித்த பணம் அதிலேயே கரையும். இன்னொரு செலவும் உண்டு: தொழிலுக்குப் பயன்படும் கருவியைப் பல வீட்டுக் காப்பீடுகள் ஏற்பதில்லை, தனிக் காப்பீடு எடுக்க வேண்டியிருக்கும். அப்போது வரிசை எண்ணோடு கூடிய உள்ளூர் ரசீதைக் கேட்பார்கள்.

கோயிலுக்கு: உற்பத்தியாளர் புதுப்பித்து உள்ளூரில் விற்பது கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. ஆண்டுக்குச் சில திருவிழாக்கள் என்பதால் ஷட்டர் தேய்வு பொருட்டே அல்ல. தைப்பூசத்துக்கு ஒரு மாதம் முன்பு அவசரமாகத் தேடுவதைவிட, திருவிழா முடிந்த கையோடு பணத்தை ஒதுக்கி, சரக்கு வரும் வரை காத்திருக்கலாம். கிடைக்காவிட்டால் மூடி கழற்றப்படாத, வெறும் சுத்தம் மட்டும் செய்த பழைய கேமராவை நல்ல கடையில் வாங்கலாம். 'உள்ளே சரிசெய்தோம்' என்ற கடைச் சரக்கைத் திருவிழாக் கூட்டத்துக்குள் கொண்டுபோக நான் சம்மதிக்க மாட்டேன். கணக்குத் தணிக்கைக்கும் கடை ரசீது வேண்டும் என்பதால் தனியாரிடம் வாங்குவது முதலிலேயே விலகிவிடுகிறது.

பறவைக்கு: கடையில் சோதித்த பழைய டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி வைத்த கேமரா) தாராளமாகப் போதும். அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ்ஸுக்கு எல்லாரும் மாறிக்கொண்டிருப்பதால் அவற்றின் விலை இறங்கியிருக்கிறது. கேமராவில் மிஞ்சுவதை நீண்ட லென்ஸுக்கு ஒதுக்குங்கள். நிகான் கேமரா என்றால் அது எடுத்த படக் கோப்பிலேயே ஷட்டர் எண்ணிக்கை பதிந்திருக்கும். கடையில் ஒரு படம் எடுத்து, வீட்டில் பார்த்துக்கொண்டு, பிறகு பணம் கட்டலாம். கேனனில் பெரும்பாலும் அப்படிப் படக் கோப்பில் கிடைக்காது. கடைக்காரரிடமே கேட்க வேண்டும்.

## கைக்கு வந்த ஏழு நாளுக்குள்

இணையத்தில், உள்நாட்டுக் கடையில் வாங்கினால், 2002-ஆம் ஆண்டின் மின்னணுத் தொடர்பு மற்றும் பரிவர்த்தனைச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு ஒரு சலுகை தருகிறது: பொருள் கைக்கு வந்த ஏழு நாளுக்குள் காரணமே சொல்லாமல் ரத்து செய்யலாம், திருப்பி அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது. பெட்டியை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு அடுத்த மாதம் திறப்பவர்கள் இந்த வாரத்தைச் சும்மா இழக்கிறார்கள்.

முதல் நாளே பேட்டரியை முழுதாக ஏற்றி, லென்ஸ் மூடியைப் போட்டபடி நீண்ட ஒளிபடல் நேரத்தில் ஒரு படம் எடுங்கள். கறுப்புக்குள் சிவப்பும் நீலமுமாகப் புள்ளிகள் மின்னினால் சென்சாரைக் கவனிக்க வேண்டும். அடுத்து மேகமில்லாத வானத்தை, லென்ஸ் துளையைச் சிறிதாக்கும் எஃப்16 அளவில் எடுத்து, கணினியில் பெரிதாக்கி, ஓரங்களில் கரும்புள்ளி தேடுங்கள். நேராக ஒட்டிய செய்தித்தாளை, லென்ஸின் துளையை முழுதாகத் திறந்து எடுத்துப் பாருங்கள்: நான்கு மூலைகளும் ஒரேபோலத் தெளிவாக இருக்கின்றனவா, ஒரு பக்கம் மட்டும் மங்குகிறதா? மங்கினால் வேறொரு லென்ஸை மாட்டி அதே சோதனையைச் செய்யுங்கள். அப்போதும் அதே பக்கம் மங்கினால் குறை கேமராவில் இருக்கிறது. இரண்டு கார்டு துளைகளிலும் தனித்தனியாக எழுதிப் பாருங்கள். ஃபிளாஷ் பொருத்தும் இடத்தில் ஒரு ஃபிளாஷை மாட்டி அடியுங்கள். இதைப் பலர் மறந்துவிட்டு, முதல் கல்யாணத்தன்றுதான் கண்டுபிடிக்கிறார்கள். கடைசியாக, கேமராவில் உள்ள வரிசை எண்ணை ரசீதோடும் உத்தரவாதச் சீட்டோடும் ஒத்துப் பாருங்கள். ஓர் இலக்கம் பொருந்தாவிட்டாலும் கேமராவைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டு, அன்றைக்கே கடைக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.